முதுகில் வீடு: எந்தக் கெப் தாங்கும்?

ஓகஸ்ட் மாதம் பத்தாம் திகதி தாண்டிவிட்டால் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் லொறிகளுக்கு இரவில் ஓய்வில்லை. பதினைந்தாம் திகதி மடு மாதா திருவிழா. ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு லொறி பின்பக்கமாக மெல்ல வந்து நிற்கும். முதலில் தண்ணீருக்கான நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஏறும். பிறகு அரிசி மூடை, தேங்காய்ச் சாக்கு, அடுப்பு, பெரிய சட்டி, சுருட்டிய பாய்கள், தலையணைகள், கூடாரத்துக்கான தடிகள். எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டப்படும். “அண்ணை, இன்னும் ஒரு ஆள் ஏறலாமா?” என்று கீழிருந்து ஒரு குரல் கேட்கும். “ஏறு, ஏறு” என்று மேலிருந்து பதில் வரும். முந்நூறு கிலோமீற்றர் அளவு பயணம், காட்டுக்குள் சில நாள் சமையல், உறக்கம், பூசை. லொறியை வீடாக்கிப் பயணம் போகும் கலையைக் கொட்டாஞ்சேனைக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதே நாட்களில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இன்னொரு காட்சி. வெள்ளை டபுள் கெப் ஒன்றின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேர் அளவுநாடா பிடிக்கிறார்கள். ஒருவரின் கைத்தொலைபேசியில் கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய படம்: பெரிய பிக்கப், அதன் முதுகில் வெள்ளை நிறப் பெட்டி வீடு, உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கைகழுவும் தொட்டி. “மச்சான், இதைத் தச்சுப்போடலாம். பலகை, அலுமினியம், ரெண்டு கிழமை வேலை.”

தச்சுப்போடலாம்தான். அதைத் தச்சு ஏற்றிய பிறகு கடுகண்ணாவையில் ஏறி, றம்பொடையில் இறங்கி, பிள்ளைகளோடு வீடு திரும்ப அந்தக் கெப்புக்கு வலு இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. வாகன இறக்குமதித் தடை நீங்கியபின் கொழும்பில் எங்கு போனாலும் கெப் பேச்சுத்தான். எந்தக் கம்பனி, எத்தனை குதிரைவலு, எவ்வளவு வரி என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பவர் அரிது.

கனடாப் படத்தில் தெரியாத விஷயம்

வட அமெரிக்காவில் பிக்கப்பின் முதுகில் ஏற்றும் கட்டில் வீடு பழைய பழக்கம். எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1960இல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் பின்னால் அப்படியொரு வீட்டைப் பொருத்திக்கொண்டு, தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தது. இன்று அங்கே முழு வசதியுள்ள பெட்டி வீடு, தண்ணீரும் சாமானும் இல்லாமலே ஒரு தொன்னுக்கு மேல் நிற்கும். பெரியவை ஒன்றரைத் தொன்னையும் கடக்கும். தண்ணீர், எரிவாயு, உடுப்பு, ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் இரண்டு தொன் வரை போகும்.

அதைச் சுமக்க அவர்கள் வாங்குவது ஃபோர்ட் எஃப்-350, ராம் 3500 போன்ற கனரக பிக்கப். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நாலு சில்லு பூட்டிய வகையும் அதில் உண்டு. அந்த வகையின் பின்புற அகலம் கிட்டத்தட்ட எட்டு அடி. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் எட்டு அடி அகலம் உள்ளே வந்தால் எதிரே முச்சக்கரவண்டிக்கும் இடமிருக்காது. இடதுபக்க ஸ்டியரிங் வாகனத்தை இங்கே சாதாரணமாகக் கொண்டுவரவும் முடியாது. எனவே படத்தில் இருக்கும் வண்டி நமக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைப்பவை தாய்லாந்திலிருந்து வரும் ஹைலக்ஸ், டி-மெக்ஸ், எல்200, இந்தியாவின் பொலேரோ, அண்மையில் சீனாவிலிருந்து வரும் டபுள் கெப்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரு தொன் வகை. மைத்துனரின் வண்டி சுமப்பதில் பாதியையோ அதற்கும் குறைவையோதான் இவை சுமக்கும்.

மைத்துனர் தன் வண்டியின் சாரதிக் கதவைத் திறந்தால் அங்கே ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அங்கே பெட்டி வீடு வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். நம்முடைய கெப்களுக்கு அதே தகவல் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. வெற்று நிறை, மொத்த நிறை என்று இரண்டு எண்கள். லீசிங் கம்பனிக்குப் பிரதி கொடுக்கப் பத்துத் தடவை அந்தப் புத்தகத்தை எடுத்திருப்போம். அந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

கழித்துப் பார்த்தால் வருவது

மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால் மிஞ்சுவதே வண்டி சுமக்கக்கூடிய பாரம். நாலு சில்லும் இழுக்கும் டபுள் கெப் ஒன்றின் மொத்த நிறை 3,000 கிலோ அளவில் இருக்கும். வெற்று நிறை 2,050 கிலோ அளவில். மிச்சம் 950 கிலோ. கேட்கும்போது ஒரு தொன் கிட்ட வருகிறதே என்று மனம் நிறையும். அந்த 950க்குள் சாரதியும் அடக்கம், மனைவி பிள்ளைகளும் அடக்கம், முன்னால் அழகுக்குப் பூட்டிய இரும்புத் தடுப்பும் அடக்கம் என்பது பிறகுதான் உறைக்கும்.

■ பெட்டிச் செய்தி: ஒரு குடும்பம், ஒரு கணக்கு
தாங்கக்கூடிய பாரம்: 950 கிலோ
பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர்: 320
பலகையும் அலுமினியமும் கொண்டு தச்ச பெட்டி: 350
தண்ணீர் 80 லீற்றர்: 80
முன் இரும்புத் தடுப்பு: 60
நிரம்பிய 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர்: 25
மேலதிக பற்றரி: 30
சிறிய குளிர்சாதனப் பெட்டி: 20
உடுப்பு, படுக்கை, பாத்திரம், அரிசி, மரக்கறி: 80
கூட்டுத்தொகை: 965 கிலோ
(இது மாதிரிக் கணக்கு. உங்கள் வண்டியின் எண்கள் உங்கள் பதிவுப் புத்தகத்தில்.)

இந்தக் கணக்கில் ஆடம்பரம் எதுவும் இல்லை. குளியலறை இல்லை, குளிரூட்டி இல்லை, மோட்டார்சைக்கிள் இல்லை. 350 கிலோவுக்குள் பெட்டியை முடிப்பதே கெட்டிக்காரத் தச்சரின் வேலை. நம்மூரில் தளபாடம் செய்யும் கை பாரமான பலகைக்குப் பழகிய கை. முக்கால் அங்குலப் பலகையில் கட்டிலும் அலுமாரியும் அடித்தால் பெட்டி ஐந்நூறைத் தொடும். அப்படியிருந்தும் அடக்கமான இந்தக் குடும்பமே எல்லையைத் தாண்டிவிட்டது.

எல்லையைத் தாண்டினால் வண்டி அங்கேயே உடைந்து விழாது. அதுதான் ஆபத்து. வெள்ளவத்தையிலிருந்து புத்தளம் வரை ஒன்றும் தெரியாது. எஞ்சினுக்கு வலு தாராளமாக இருக்கிறது. 2.8 லீற்றர் ஹைலக்ஸின் தானியங்கி கியர் வகை 500 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தரும். டி-மெக்ஸின் 3 லீற்றர் எஞ்சின் 450 தரும். ஏற்றத்தில் இழுக்கும், முந்திக்கொண்டு ஓடும். எஞ்சினின் வலுவைச் சேசியின் வலு என்று நம்பி ஏமாறுவது இங்கேதான் நடக்கிறது.

சேசி வளையும் இடம்

டபுள் கெப்பின் பின்தட்டு நீளம் ஒன்றரை மீற்றர் அளவுதான். ஐந்தடி ஆறங்குல மனிதர் காலை நீட்டிப் படுக்க அது போதாது. எனவே கட்டில் போடுபவர்கள் ஒன்றில் பெட்டியைப் பின்னால் நீட்டுகிறார்கள், அல்லது சாரதி அறையின் கூரைக்கு மேலே நீட்டுகிறார்கள். பெரும்பாலும் பின்னால்தான். பின்னால் நீட்டுவது தச்சருக்குச் சுலபம்.

டபுள் கெப்பில் பின் அச்சு, தட்டின் நடுவுக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது. தட்டில் வைக்கும் பாரத்தில் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. ஹைலக்ஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3.085 மீற்றர். பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் 300 கிலோ வைத்துவிட்டால், பின் அச்சு உணர்வது 300 அல்ல, ஏறக்குறைய 400 கிலோ. மேலதிக 100 கிலோ முன் அச்சிலிருந்து கழன்று வருகிறது. முன் சில்லுகள் அந்தளவுக்கு இலேசாகின்றன. ஸ்டியரிங் பிடிக்குள் நிற்காமல் மிதக்கிறது, முன் பிரேக்கின் பிடி குறைகிறது, இரவில் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கிறது.

அவுஸ்திரேலியாவில் நம்மிடம் உள்ள இதே வகை டபுள் கெப்களின் பின்னால் பெட்டி வீடு ஏற்றுவது பரவலானது. சாரதி அறைக்கும் பின்தட்டுக்கும் இடையில் சேசி வளைந்துபோன வண்டிகள் அங்கே கராஜ்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பின்பக்கம் இறங்கிப்போகிறது என்று காற்றுப்பை ஸ்பிரிங் பூட்டியவர்களும் அதில் உண்டு. ஸ்பிரிங் பிளேட்டின் இரு முனைகளுக்கும் பங்கிட்டுப் போகவேண்டிய பாரத்தைக் காற்றுப்பை சேசியின் ஒரே புள்ளியில் குவிக்கிறது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளியில் அடி விழுகிறது. வண்டி மட்டமாக நிற்கிறது என்று சொந்தக்காரர் நிம்மதி கொள்வார். சேசி உள்ளே களைத்துக்கொண்டிருக்கும்.

சிங்கிள் கெப்பின் கதை வேறு. அதன் பின்தட்டு இரண்டே கால் மீற்றர் அளவு நீளும், அதில் ஏறத்தாழப் பாதி அச்சுக்கு முன்னால் இருக்கும். ஒரு வரிசை இருக்கையும் இரண்டு கதவும் இல்லாததால் வெற்று நிறையும் குறைவு. கட்டில் முழுதாகத் தட்டுக்குள் அடங்கும், பாரமான சாமான்களை இரு அச்சுக்கும் இடையில் வைக்கலாம். ஆனால் அதில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்தான் இருக்கலாம். நாலைந்து பேருள்ள குடும்பம் சிங்கிள் கெப் வாங்கிப் பிள்ளைகளைப் பின் பெட்டிக்குள் இருத்தி ஓட்ட நினைத்தால், அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடச் சொல்கிறேன். ஆசனமும் பட்டியும் இல்லாத மரப்பெட்டி, ஓடும்போது மனிதர் இருக்கும் இடமாகாது.

ஏற்றம் மன்னிக்கும், இறக்கம் மன்னிக்காது

நம் நாட்டில் இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்காக நிற்காததற்குக் காரணம் மலை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு வரும் வண்டி அத்தனை உயரத்தின் சக்தியையும் எங்காவது கொட்டியாக வேண்டும். கியர் தாங்காத பங்கு முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறும். இரண்டு தொன் வண்டி மூன்று தொன்னாகும்போது அந்த வெப்பமும் ஒன்றரை மடங்கு.

நம் சந்தையின் பல டபுள் கெப்களில் பின் பிரேக் இன்னும் டிரம் வகை. டிரம்முக்குள் சூடு தேங்கும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி காலுக்குக் கீழே மெத்தென்று போகும். றம்பொடைக் கணவாயில், கினிகத்தேனை இறக்கத்தில், எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ23 வீதியில் அது நடந்தால் அடுத்த வளைவு வரைக்கும்கூட நேரம் இருக்காது.

2025ஆம் ஆண்டு இரண்டு பெரிய துயரங்களை மலையக வீதிகளில் பார்த்தோம். மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். அவை பஸ்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஆனால் அந்த வீதிகளில் ஒரு பிழைக்கு அடுத்த வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பதை இரண்டும் ஒன்றாகச் சொல்கின்றன. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் வீதிகளையும் பாலங்களையும் அறுத்துப்போட்டது. அரித்துப்போன ஓரங்களில் பாரவண்டியை ஒதுக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில், அல்லது அதற்கும் ஒன்று கீழே இறங்க வேண்டும். இது மலைநாட்டுப் பழைய லொறிச் சாரதிகளின் பாடம். தானியங்கி கியர் உள்ள கெப்பிலும் கையால் கீழ் கியரைப் பிடிக்கும் வசதி இருக்கிறது. கொழும்பில் வாங்கி கொழும்பிலேயே ஓட்டிய பலர் அந்தப் பக்கம் கையே வைத்திருக்க மாட்டார்கள்.

வடக்கே போனால் மலை இல்லை, காற்று இருக்கிறது. ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம், மன்னார்த் தாம்போதி மூன்றும் வெட்டவெளி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, மூன்று மீற்றர் உயரப் பெட்டி பக்கவாட்டில் பாய் விரித்ததுபோல் காற்றைப் பிடிக்கும். மடுத் திருவிழாவும் நல்லூர்த் திருவிழாவும் அந்த மாதங்களில்தான் வருகின்றன.

ஐந்தாண்டுத் தடை விட்டுச்சென்றது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றது, எரிபொருளுக்கு கியூ.ஆர். ஒதுக்கீடு வந்தது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். சுங்க வரி, அதன்மேல் மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, பிறகு எல்லாவற்றின்மேலும் 18 சதவீத வற் வரி என்று வரிமேல் வரி ஏறி, பெயர்பெற்ற ஜப்பானியக் கம்பனியின் புதிய டபுள் கெப் இன்று கோடி ரூபாவுக்கு மேலான பேச்சு.

ஆகவே பெட்டி வீட்டுக் கனவு காணும் பெரும்பாலோர் கை வைப்பது பழைய கெப்பில். எல்.என்.106 ஹைலக்ஸ் என்றால் இன்னும் கண் மலரும் ஆட்கள் நம்மிடையே உண்டு. அந்த வண்டியின் எஞ்சின்மீது அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை நியாயமானது. ஆனால் முப்பது வருடச் சேசி, அதிலும் கடற்காற்றில் நின்ற சேசி, எஞ்சினைப்போல் தன் வயதைச் சத்தத்தில் சொல்லாது. வெள்ளவத்தையிலும் கொச்சிக்கடையிலும் நிறுத்திய வண்டிகளின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தவர்களுக்கு உப்பு செய்யும் வேலை தெரியும். ஸ்பிரிங் பூட்டும் கொளுக்கிகளுக்குப் பக்கத்திலும் சாரதி அறைக்குப் பின்னாலும் துரு செதில் செதிலாக வருகிறதா, புதிதாக ஒட்டுவைத்து மேலே கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்தக் கெப்புக்கும் கூடுதல் ஸ்பிரிங் பிளேட் கிடைக்கும். இரண்டு பிளேட் கூட்டினால் பின்பக்கம் நிமிரும். ஆனால் அச்சும், பெயாரிங்கும், பிரேக்கும், சேசியும் பழையவைதான். ஸ்பிரிங் கூட்டியதால் பதிவுப் புத்தகத்திலுள்ள மொத்த நிறை ஒரு கிலோகூடக் கூடாது. டயரிலும் கவனம் வேண்டும். பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 116 என்றால் 1,250, 120 என்றால் 1,400. அதுவும் சரியான காற்று இருந்தால் மட்டும். தோற்றத்துக்காக அகல டயர் மாற்றியவர்களில் சிலரிடம் பழைய டயரைவிடக் குறைந்த எண் இருக்கும்.

■ பெட்டிச் செய்தி: அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள்
பி வகுப்பு: மொத்த நிறை 3,500 கிலோ வரையான வாகனம்.
சி1 வகுப்பு: மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறி.
டபுள் கெப்கள் இரட்டைப் பயன்பாட்டு வாகனமாகப் பதியப்படுகின்றன. லொறி என்று பதிந்த வண்டிக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தகுதிச் சான்றிதழும் தேவை.
வாகனத்தின் உடலமைப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும்.

கடைசி வரியை அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்ததை எல்லோரும் பார்த்தோம். பின்தட்டைக் கழற்றிவிட்டு நிரந்தரப் பெட்டி பூட்டுவது அதைவிடப் பெரிய மாற்றம். வீதியில் இறங்கிய பிறகு வரும் பிரச்சினை இன்னும் பெரிது. அனுமதியற்ற மாற்றமோ அளவு மீறிய பாரமோ இருந்த வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதிக் கம்பனி முதலில் பிடிக்கும் இடம் அதுதான். நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வரைபடத்தோடு போய், எழுத்தில் பதில் வாங்கிய பிறகு தச்சரிடம் போங்கள்.

தன் வீட்டுக்குள் நுழையாத வீடு

வெள்ளவத்தைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்கே கெப் வைத்திருப்பவர்களில் பலர் தொடர்மாடியில் இருப்பவர்கள். வாகனத் தரிப்பிடம் கட்டிடத்தின் அடித்தளத்தில். பல கட்டிடங்களில் நுழைவாயில் உயரம் இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே. கெப்பின் சொந்த உயரமே 1.8 மீற்றர். கூரைமேல் கூடாரம் மடித்து வைத்தாலே விட்டத்தில் தட்டும். பெட்டி வீடு பக்கத்திலும் போகாது. ஒழுங்கையில் விட்டால் அயலவரின் கேற்றை மறைக்கும். கொட்டாஞ்சேனையில் தெருவோரமே தரிப்பிடம், அதிலும் விடியற்காலையில் சாமான் லொறிகள் வந்து இடம் கேட்கும்.

இறக்கி வைக்கக்கூடிய பெட்டிதான் இதற்கு விடை. நாலு மூலையிலும் ஜாக்கி வைத்துப் பெட்டியை நிற்கவிட்டு, கெப்பை வெளியே எடுத்துவிடலாம். ஆனால் அதை நிறுத்தவும் நிலம் வேண்டும். வத்தளையிலோ நீர்கொழும்பிலோ உறவினர் வளவு இருப்பவர்களுக்கு இது சரிவரும். மற்றவர்கள் பெட்டிக்காக மாதவாடகை கொடுக்க வேண்டி வரும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றையும் கடந்துபோக முடியாது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகளில் எரிவாயு வெடித்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். காற்றோட்டமுள்ள குசினியிலேயே அந்த நிலை என்றால், ஆறடிப் பெட்டிக்குள் சிலிண்டரை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைப்பது எந்த வகையிலும் சரியாகாது. எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். சிலிண்டர் பெட்டிக்கு வெளியே, கீழே துவாரமுள்ள தனி அறையில் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும். மலையில் குளிர் என்று கதவை அடைத்துக்கொண்டு அடுப்பையோ கரியையோ எரித்தால், மணமில்லாத கார்பன் மொனொக்சைட்டில் உறக்கத்திலேயே உயிர் போகும்.

யாருக்கு எது?

ஏற்கெனவே டபுள் கெப் வைத்திருக்கும் குடும்பத்துக்கு என் பதில் தெளிவானது: பெட்டி வேண்டாம். பின்தட்டுக்கு ஒரு இலேசான மூடி, தரையில் அடிக்கும் நல்ல கூடாரம், மடக்கு மேசை, இருபது லீற்றர்த் தண்ணீர்க் கலன்கள் இரண்டு, ஒற்றை அடுப்பு. எல்லாம் சேர்ந்து 200 கிலோவுக்குள் அடங்கும். குடும்பம் முழுதும் பட்டி கட்டி ஆசனத்தில் இருக்கும், வண்டியும் அடித்தளத் தரிப்பிடத்துக்குள் போகும். கூரைமேல் கூடாரம்தான் வேண்டுமென்றால் ஓடும்போது கூரை தாங்கும் பாரத்தைக் கைநூலில் பாருங்கள். பல கெப்களில் அது நூறு கிலோவைத் தாண்டாது, கூடாரம் மட்டுமே ஐம்பது அறுபது கிலோ.

இருவராகப் பயணம் போகும் தம்பதிக்கு, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஓய்வுபெற்றவர்களுக்கு, சிங்கிள் கெப்தான் பொருத்தம். நாலு சில்லு இழுக்கும் வகை அவசியமில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கதிர்காமத்துக்கும் திருகோணமலைக்கும் தார் வீதிதான். அந்தக் கூடுதல் கியர்ப்பெட்டியும் முன் அச்சும் இல்லாவிட்டால் மிச்சமாகும் கிலோக்கள் பெட்டிக்குப் போகும். பெட்டி 400 கிலோவுக்குள், பாரமான சாமான்கள் சாரதி அறைச் சுவரோடு ஒட்டி, தண்ணீர்த் தொட்டி தரைமட்டத்தில், பின் அச்சுக்கு முன்னால்.

உண்மையிலேயே வீடு வேண்டும், குளியலறையும் வேண்டும் என்பவர்களுக்குக் கெப்பை விட்டுவிடச் சொல்வேன். கொட்டாஞ்சேனைக்கும் ஆமர் வீதிக்கும் நன்றாகத் தெரிந்த பத்தரை அடி லொறி இருக்கிறது: இசுசு எல்ஃப், மிட்சுபிசி கென்டர், டொயோட்டா டைனா. பாரம் சுமக்கவே பிறந்த ஏணிச் சேசி, பல வகைகளில் பின்னால் இரட்டைச் சில்லு, எந்த ஊர் கராஜிலும் கை வைக்கத் தெரிந்தவர்கள், பஞ்சிகாவத்தையில் குறைவில்லாத பாகங்கள். அமெரிக்கர் எஃப்-350இல் தேடும் வலு நமக்கு இந்த உருவத்தில்தான் கிடைக்கிறது. சொகுசு குறைவு. மொத்த நிறை 3,500ஐத் தாண்டும் வகையானால் சி1 அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். முன் ஆசனத்தில் மூவருக்குமேல் இடமில்லை என்பதால் மற்றவர்கள் இன்னொரு வாகனத்தில் வர வேண்டும். இரட்டை அறை கொண்ட லொறி கிடைத்தால் அந்தக் குறையும் நீங்கும்.

‘பட்டா’ லொறி மலிவு என்பதால் அதில் வீடு கட்ட நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டா எனப்படும் டாட்டா ஏஸ் முக்கால் தொன் வகை, அகலம் குறைந்தது, எஞ்சின் சிறியது. நகருக்குள் உணவு விற்கும் வண்டியாக அது அருமையாக உழைக்கிறது. உயரமான பெட்டியோடு நுவரெலியா ஏற அது செய்யப்பட்டதல்ல.

எந்த வண்டியைத் தேர்ந்தாலும் தச்சருக்குப் பணம் கொடுக்கும் முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். எரிபொருள் நிரப்பி, குடும்பம் முழுவதும் ஏறி, கொண்டுபோகும் சாமானையும் தண்ணீரையும் ஏற்றி, லொறிகளை நிறுக்கும் பெரிய தராசு உள்ள இடத்துக்குக் கெப்பைக் கொண்டுபோங்கள். முதலில் முழு வண்டியையும், பிறகு பின் சில்லுகளை மட்டும் தட்டில் ஏற்றியும் நிறுத்து, இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தின் மொத்த நிறைக்கும் தராசு காட்டிய நிறைக்கும் இடையில் எவ்வளவு மிச்சமோ, பெட்டிக்கு அவ்வளவுதான். முந்நூறு கிலோகூட மிஞ்சவில்லை என்றால் தச்சருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.